டோனல் வீட்டு மெட்டும் அஞ்சு ஓட்டையும்

ஒரு ஊர்ல ஒரு குழல்காரரு இருந்தாரு. எந்த ஊருன்னு உடனே கேக்காத, சொல்லுதேன். கடலத் தாண்டி, இன்னொரு கடலயும் தாண்டிப் போனா அயர்லாந்துன்னு ஒரு தேசம் இருக்கு மக்ளே. அங்க மழை பெய்யாத நாள எண்ணுறதுக்கு ரெண்டு கை வெரலு போதும். மாசத்துக்கு இல்ல, வருஷத்துக்குச் சொல்லுதேன். வீட்டச் சுத்திப் புல்லு, புல்லச் சுத்திக் கல்லுச் செவுரு, செவுத்துக்கு அந்தப் பக்கம் ஆடு, ஆட்டுக்கு அந்தப் பக்கம் கடலு. அம்புட்டுதான் ஊரு. போர்வைய இழுத்து மூடு, அந்த ஊருக் குளிரு இங்க வரைக்கும் வரும்.

அப்புறம் ஒண்ணு. நீ ம் கொட்டணும். கொட்டலன்னா நீ தூங்கிட்டன்னு நான் நிறுத்திருவேன், கேட்டியா.

"ம்."

அந்தக் குழல்காரரு பேரு டோனல். பகல்ல கல்லுக் குவாரில பாறை உடைப்பாரு, டங், டங், டங்குன்னு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து மூஞ்சியக் கழுவி, அடுப்புப் பக்கத்துல உக்காந்து, கறுப்பு மரக்குழல எடுத்து ஊதுனாருன்னா, தொழுவத்துல மாடு அசைபோடுறத நிறுத்திரும். நான் கூட்டிச் சொல்லல. மாட்டுக்கும் காது இருக்குல்லா.

அந்த வீட்டுக்குன்னு ஒரு மெட்டு உண்டு. டோனலோட பாட்டி அத டோனலோட அம்மைக்குக் குடுத்தா. அம்மை டோனலுக்குக் குடுத்தா. காகிதத்துல எழுதுறது கெடையாது. எழுதி வச்சா என்னன்னு யாரோ கேட்டதுக்கு, "எம் பிள்ளைக்குக் காது நல்லாத்தான இருக்கு, காகிதம் என்னத்துக்கு"ன்னு சொல்லிட்டாளாம் அந்த அம்மை. நம்ம ஊர்ல தவில்காரரு தன் பிள்ளைக்குத் தகதிமி தகஜுணுன்னு வாயாலயே சொல்லிக் குடுப்பாருல்லா, அது மாதிரி அங்கயும் வாயாலயே சொல்லணும். அவங்களுக்குச் சொல்லு வேற. டிட்டில் டை, டிட்டில் டை, டம் டை டம். எங்க, நீ சொல்லு பாப்போம்.

"டிட்டில் டை..."

ஆங். அவ்ளோதான். வாய்க்கு வந்தப்புறம்தான் கைக்கு வரும், அதுவரைக்கும் வாத்தியத்தத் தொடக் கூடாது. அந்த வீட்டுச் சட்டம் அது.

டோனலுக்கு மூணு பிள்ளைங்க. மூத்தவன் கோர்மக். பிடில் வாசிப்பான், டவுனுல தச்சு வேலை பாக்கான், தான் சொல்லுறதுதான் சரின்னு நெனைக்கிற ரகம். அடுத்தவ மாய்ரீன். ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல அடங்குற குட்டி ஆர்மோனியப் பெட்டி மாதிரி ஒண்ணு வச்சிருப்பா, ரெண்டு கையாலயும் இழுத்து அமுக்குனா ஙீ ஙீன்னு பாடும். அவளப் பக்கத்து ஊர்ல கெட்டிக் குடுத்தாச்சு. கடைசி நுவாலா. பன்னெண்டு வயசு. அவளும் பிடில்தான். அவ தொட்டில்ல கெடக்கும்போதே அண்ணனுக்கு மீசை மொளைச்சுருச்சுன்னா பாத்துக்க, அவ்ளோ வித்தியாசம்.

குழல் ஊத ஒருத்தரும் படிக்கலையான்னு நீ கேப்ப. குழலு அந்த வீட்டுல ஒண்ணே ஒண்ணு. அது எப்பவும் அப்பா வாயில இருந்துச்சு. பிள்ளைங்க வேற என்ன செய்வாங்க, கெடைச்சத எடுத்துக்கிட்டாங்க.

அந்த ஊர்ல கோடைக்கு ஒரு கோயில் திருநாள் வரும். நம்ம அந்தோணியார் கோயில் திருநாளு மாதிரின்னு வச்சுக்க, தேரு மட்டும் கெடையாது. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் ஊரு முழுக்க ஒரு பெரிய கூடத்துல கூடும். டோனல் எந்திரிச்சு அந்த வீட்டு மெட்ட ஊதுவாரு, அதுக்கப்புறம்தான் மத்தவங்க வாசிப்பாங்க, ஆட்டம் நடக்கும். முப்பது வருஷமா அப்படித்தான். ஆனா மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு திருநாளுக்கு டோனல், "பல்லு வலி, இன்னிக்கு முடியாது"ன்னுட்டாரு. அடுத்த வருஷம், "குழல்ல விரிசல் விட்டிருக்கு." அதுக்கு அடுத்த வருஷம், "ஒதடு புண்ணாயிருச்சு." நாலாவது வருஷம் சொல்லுறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல. அப்போ அவரு ஊர்க்காரங்கட்ட சொல்லிட்டாரு, "இனிமே நான் ஊதல. எம் பிள்ளைங்ககிட்ட ஒப்படைக்கேன்."

தூங்கிட்டியா?

"ம்ஹும்."

கேளு, இதுலதான் விஷயமே இருக்கு. அந்த ஊர்ல ஒப்படைக்கிறதுன்னா அதுக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் ஊருக்கு முன்னால அப்பன் மெட்டத் தனியா வாசிக்கணும். மூத்தது முதல்ல. எல்லாரும் வாசிச்சப்புறம் சேந்தும் ஒரு தடவ வாசிக்கணும். வாசிச்சு முடிச்சதும் ஊரு, "இது டோனல் மெட்டுதான்"னு சொல்லணும். சொல்லிட்டா அந்தப் பிள்ளை அந்த வீட்டு வாத்தியக்காரன், பொம்பளைப் பிள்ளைன்னா வாத்தியக்காரி. சொல்லலன்னா, வீட்டுக்குள்ள வாசிச்சுக்க வேண்டியதுதான், திருநாளு கூடத்துல எடம் கெடையாது. அந்த ஊர்க்காரங்களுக்குப் பொல்லாத காது. ஒரு சுரம் தப்புனா பல்லு போன கெழவி கூடத் திரும்பிப் பாப்பா.

நுவாலாவுக்கு அந்த ஒரு ஆசைதான். அந்தக் கூடத்துல, அந்த ஊரு முன்னால, இவ டோனல் பிள்ளைன்னு பேரு வாங்கணும். சோறு கூட ரெண்டாம்பட்சம் அவளுக்கு.

அப்புறம் திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அண்ணனும் அக்காவும் ஊருக்கு வந்தாங்க. அப்பா குவாரிக்குப் போன நேரமாப் பாத்து மூணு பேரும் தொழுவத்துல உக்காந்து வாசிச்சுப் பாத்தாங்க. முதல்ல கோர்மக். டிட்டில் டை, டிட்டில் டை, டம் டை டம். மழை பெஞ்ச வாய்க்கா மாதிரி ஓடுது. கடைசி வரிக்கு முன்னால ஒரே ஒரு எடத்துல ஒரு சின்ன சுரத்த விட்டுட்டு, ஒரு நொடி நின்னு, அப்புறம் முடிச்சான்.

அடுத்து மாய்ரீன். அவளும் நல்லாத்தான் வாசிச்சா. ஆனா மூணு எடத்துல நின்னா. கோர்மக் மொகத்தச் சுளிச்சான். "ரெண்டு எடத்துல சுரத்த முழுங்குதியே"ன்னான். "நீதான் இல்லாத சுரத்தப் போட்டு நெரப்புத. அப்பா எனக்கு இப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு"ன்னு அவ சொன்னா. ரெண்டு பேருக்கும் அரை நாளு சண்டை.

அப்போ நுவாலா வாசிச்சா. டிட்டில் டை... நின்னா. டிட்டில் டை டம்... நின்னா. டை டம் டிட்டில்... நின்னா. மொத்தம் அஞ்சு எடம் மக்ளே. அஞ்சு எடத்துலயும் பொத்தல், சல்லடை மாதிரி.

சண்டை போட்டுக்கிட்டிருந்த அண்ணனும் அக்காவும் உடனே ஒண்ணாச் சேந்துக்கிட்டாங்க. இந்த மாதிரி நேரத்துல மட்டும் பெரியவங்க எப்படித்தான் ஒண்ணு சேருவாங்களோ. "ஏட்டி, நடுவுல நடுவுல தூங்குதியா"ன்னான் கோர்மக். "அந்த அஞ்சு ஓட்டையையும் அடை. அடைச்சாத்தான் நீ கூடத்துல வாசிக்கலாம்."

எங்க ம்?

"ம்."

சரி. முதல் நாளு நுவாலா மெதுவா, அடி அடியா வாசிச்சுப் பாத்தா. ஓட்டை வர்ற எடத்துக்குப் பக்கத்துல வந்ததும் மனசுக்குள்ள "நிக்காத, நிக்காத"ன்னு சொல்லிக்கிட்டா. வில்லு நின்னுது. ரெண்டாவது நாளு பிடில வீட்டுல வச்சிட்டு, கல்லுச் செவுத்து மேல ஏறி உக்காந்து வாயால சொல்லிப் பாத்தா. டிட்டில் டை, டிட்டில்... வாயும் நின்னுது. ஒரு ஆடு அவளப் பாத்து மேன்னு கத்துச்சு. மூணாவது நாளு மாய்ரீன், "நான் பக்கத்துல நிக்கேன், அந்த எடம் வரும்போது உன் முழங்கையத் தள்ளுதேன்"னா. தள்ளுனா. கீஈஈச். பூனை வைக்கோப்போர்ல போயி ஒளிஞ்சுக்கிச்சு.

அப்போ கோர்மக் ஒரு முடிவு சொன்னான். "இங்க பாரு நுவாலா, நீ தனியா வாசிக்க வேண்டாம். காய்ச்சல்னு சொல்லிருவோம். மூணு பேரும் சேந்து வாசிக்கும்போது மட்டும் எங்களுக்குப் பின்னால உக்காரு. வில்லு கம்பில படாம சும்மா ஆட்டு. பாக்குறவங்களுக்கு நீயும் வாசிக்கிற மாதிரி இருக்கும்."

அவன் கெட்டவன் இல்ல மக்ளே. அப்பா பேரு கெட்டுறக் கூடாதேன்னு அவனுக்குப் பயம். ஆனா வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளையப் பாத்து வாசிக்கிற மாதிரி நடின்னு சொல்லலாமா? நுவாலா, அப்பா எனக்கு மட்டும் தப்பாச் சொல்லிக் குடுத்தாரா, இல்ல நான்தான் மக்கான்னு நெனைச்சு, கோழிக்குத் தீனி போடுற சாக்குல போயி அழுதா.

மறுநாளு காலைல அப்பா, "வா நுவாலா, மேட்டுல போயி எரிக்கிறதுக்குக் கட்டி எடுத்துட்டு வருவோம்"னாரு. அங்க வெறகு கெடையாது. சதுப்பு நெலத்துல கறுப்பு மண்ண வெட்டி, செங்கல் மாதிரி காய வச்சு, அதத்தான் அடுப்புல எரிப்பாங்க. ரெண்டு பேரும் கூடைய எடுத்துக்கிட்டு மேடு ஏறுனாங்க. அப்பாக்கு எப்பவும் நடக்கும்போது அந்த மெட்ட வாய்க்குள்ளயே முணுமுணுக்குற பழக்கம். டிட்டில் டை...

நின்னாரு. "பாரு நுவாலா, கடலு இன்னிக்கு எப்படி இருக்கு"ன்னாரு. நுவாலா பாத்தா. கடலு நேத்து மாதிரிதான் இருந்துச்சு.

அப்புறம் நடந்தாரு. டிட்டில் டை டம்... நின்னாரு. குனிஞ்சு செருப்பு வாரக் கட்டுனாரு. கட்டுன வாரத்தான் அவுத்து மறுபடி கட்டுனாரு.

அப்புறம் நடந்தாரு. டை டம் டிட்டில்... நின்னாரு. இந்த தடவ பாக்கக் கடலும் இல்ல, கட்ட வாரும் இல்ல. செவுத்தப் பிடிச்சுக்கிட்டு, ஹ்ஹா, ஹ்ஹான்னு மூச்சு வாங்குனாரு.

நுவாலா கூடையக் கீழ வச்சுட்டு அவரையே பாத்தா. அவ நிக்கிற எடம். அதே எடம். அவ நிக்கிற அஞ்சு எடத்துலயும் அப்பா மூச்சு வாங்குதாரு. குவாரித் தூசி வருஷக்கணக்கா உள்ள போயிப் போயி, நெஞ்சு அடைச்சுக் கெடக்கு. கோர்மக் படிச்ச காலத்துல அப்பா வாலிபன், மெட்டு முழுக்க ஒரே ஒரு மூச்சு வாங்குனாப் போதும். மாய்ரீன் படிச்சப்போ மூணு மூச்சு வேண்டியிருந்துச்சு. நுவாலாவுக்குச் சொல்லிக் குடுத்தப்போ அஞ்சு. அடுப்புப் பக்கத்துல உக்காந்து டிட்டில் டைன்னு சொல்லிக்கிட்டே வருவாரு, நிறுத்துவாரு, கட்டிய அடுப்புக்குள்ள தள்ளுவாரு, மறுபடி ஆரம்பிப்பாரு. அந்த நிறுத்துறதும் மெட்டுதான்னு நெனைச்சு அவ படிச்சுக்கிட்டா. பிடிலு வாசிக்கிறதுக்கு மூச்சு எதுக்கு? கையில இருக்கிற வில்ல நிறுத்தாம இழுக்கலாம். ஆனா அவ வில்லு மூச்சு வாங்குது.

அப்பா அவ வாசிக்கிறத தெனமும் கேக்காருல்லா, அவருக்கு ஏன் தெரியலன்னு கேளு.

"ஏன் தெரியல?"

அவரு மூச்சு வாங்குற எடத்துல அவளும் நின்னா, அவருக்கு எப்படி மக்ளே தெரியும்? அவரு காதுக்கு அது கச்சிதமாத்தான் இருந்துச்சு.

"அப்பா, உங்களுக்கு மூச்சு வரலையா"ன்னு நுவாலா மெதுவாக் கேட்டா. டோனல் சுத்திமுத்திப் பாத்தாரு. அங்க ஆட்டத் தவிர யாரும் இல்ல. "அண்ணன்கிட்ட சொல்லாத, அக்காகிட்டயும் சொல்லாத"ன்னாரு. "டோனலுக்கு மூச்சு போச்சுன்னு ஊரு என்னப் பாவம் பாக்குறத என்னால தாங்க முடியாது. சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்பா"ன்னா.

இப்ப அவ நெலமைய யோசிச்சுப் பாரு. அவ தனியா வாசிச்சா, அந்தப் பொல்லாத காதுக்காரங்க அஞ்சு ஓட்டையையும் கேப்பாங்க, அப்பா ஒளிச்சு வச்சது வெளிய வந்துரும். வாசிக்கலன்னா அவளுக்கு அந்த வீட்டு வாத்தியக்காரின்னு பேரு கெடையாது, இந்த ஜென்மத்துக்குக் கெடையாது. சேந்து வாசிக்கும்போது பயம் இல்ல, அவ நிக்கிற எடத்துல அண்ணன் பிடிலு கேக்கும். தனியா வாசிக்கிறதுதான் கண்டம். ராத்திரி முழுக்கப் பொரண்டு பொரண்டு படுத்துட்டு, காலைல அண்ணன்கிட்ட போயி, "எனக்குக் காய்ச்சல்னே சொல்லிரு"ன்னா. பன்னெண்டு வயசுப் பிள்ளை. எனக்கு இந்த எடம் சொல்லும்போதெல்லாம் அவளக் கூப்பிட்டு மடியில வச்சுக்கணும் போல இருக்கும்.

அப்புறம் திருநாளு வந்துச்சு. அதிசயமா வெயிலு. கூடத்துல நிக்க எடம் இல்ல. முன் பெஞ்சில பெக்குன்னு ஒரு கெழவி, ஊர்லயே வயசானவ, கைத்தடியோட உக்காந்திருந்தா. டோனலோட அம்மைக்குக் கூட்டுக்காரி அவ. இது டோனல் மெட்டா இல்லையான்னு முதல்ல அவதான் சொல்லணும், அப்புறம்தான் ஊரு சொல்லும்.

கோர்மக் எந்திரிச்சு வாசிச்சான். டிட்டில் டை, டிட்டில் டை, டம் டை டம். முடிச்சதும் பெக் தடியத் தரையில தட்டுனா, டக். "இது டோனல் மெட்டுதான். அவன் தலை கறுப்பா இருந்தப்போ வாசிச்சது." ஊரே சொல்லுச்சு, "டோனல் மெட்டுதான்."

மாய்ரீன் வாசிச்சா. பெக் மறுபடி தட்டுனா. டக். "இதுவும் டோனல் மெட்டுதான். அவனுக்கு நரை விழுந்தப்புறம் வாசிச்சது." ஊரும் சொல்லுச்சு. கோர்மக் அக்கம்பக்கம் பாத்தான். ரெண்டும் எப்படிச் சரியா இருக்க முடியும்னு அவனுக்கு மண்டை கொழம்பிருச்சு.

"மூணாவது எங்க?"ன்னா பெக்.

"அவளுக்குக் காய்ச்சல்"னான் கோர்மக்.

"காய்ச்சலா?"ன்னாரு டோனல். "காலைல வெண்ணெ தடவி நாலு ரொட்டி தின்னாளே."

கூடம் சிரிச்சுது. நுவாலா செவுத்தோட செவுரா ஒட்டிக்கிட்டு நின்னா. "வா மக்ளே, வந்து வாசி"ன்னாரு. "வேண்டாம்பா"ன்னா. "ஏன்?" அவ செவுத்தோட இன்னும் ஒட்டிக்கிட்டா. "ஏட்டி, வா"ன்னாரு. அவ மாட்டேன்னு தலைய ஆட்டுனா. டோனலுக்கு மொகம் வாடிப் போச்சு. கிட்ட வந்து, அவளுக்கு மட்டும் கேக்குற மாதிரிக் கேட்டாரு, "அப்பா மெட்ட வாசிக்க உனக்கு வெக்கமா?"

வேற என்ன கேட்டிருந்தாலும் அவ தாங்கியிருப்பா. இதத் தாங்க முடியல. பிடில எடுத்தா. நடுவுல போயி நின்னா. எப்படியாவது நிக்காம வாசிச்சிரணும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு ஆரம்பிச்சா.

டிட்டில் டை... வில்லு நின்னுது.

டிட்டில் டை டம்... நின்னுது.

கூடத்துல ஒரு செருமல் கூட இல்ல. டோனலுக்கு முதல்ல ஒண்ணும் புரியல. பிள்ளை ஏன் பயந்து பயந்து வாசிக்கா, நல்லாத்தான வாசிக்கான்னு பாத்துக்கிட்டிருந்தாரு. மூணாவது எடம் வந்துச்சு. வில்லு நின்னுது. அந்த அமைதில ஒரு சத்தம். ஹ்ஹா. யாருடா அதுன்னு டோனல் திரும்பிப் பாத்தாரு. அது அவரு மூச்சு. பழக்க தோஷத்துல அவரு நெஞ்சு அந்த எடத்துல தானா மூச்ச இழுத்துருக்கு. கூடம் முழுக்கக் கேட்டுருச்சு.

நாலாவது எடம். வில்லு நின்னுது. ஹ்ஹா. அஞ்சாவது எடம். ஹ்ஹா. மெட்டு முடிஞ்சுது.

பெக் தடியத் தட்டல.

ஊரும் ஒண்ணும் சொல்லல. நுவாலா கண்ணுல தண்ணி நிக்குது. அப்பாவையும் காட்டிக் குடுத்தாச்சு, பேரும் வாங்கல. இதுக்குக் காய்ச்சலே வந்திருக்கலாம்னு நின்னா.

அப்போ பெக் கேட்டா, "டோனல், எத்தன நாளா உனக்கு மூச்சு இப்படி இருக்கு?"

 ஊரு மொத்தமும் அவரையே பாக்குது. எந்தப் பார்வைக்குப் பயந்தாரோ அதே பார்வை. அப்புறம் அவரு நுவாலாவப் பாத்தாரு.  அவளுக்கு ஏன் காய்ச்சல் வந்துச்சுன்னு அப்போதான் அவருக்கு வெளங்குச்சு. மெதுவா நிமுந்தாரு மக்ளே. குவாரிக்குப் போன முதல் நாள் எப்படி நிமுந்து நின்னிருப்பாரோ அப்படி.

"ரொம்ப வருஷமா"ன்னாரு. "பல்லு வலின்னு சொன்னேன், பொய். குழல்ல விரிசல்னு சொன்னேன், பொய். மூச்சு இல்ல, அதுதான் நெசம். ஊர ஏமாத்திட்டேன், எம் பொஞ்சாதிய ஏமாத்திட்டேன்."

அங்க ஓரத்துல நின்ன அவரு பொஞ்சாதி, "என்ன ஏமாத்தல. எனக்குத் தெரியும்"னா. அது அப்படித்தான், அவங்களுக்குத் தெரியாம இருக்குமா.

"ஆனா இந்தா நிக்காளே, இவள ஏமாத்த முடியல"ன்னாரு டோனல். "நான் வாசிச்ச சுரத்தையும் படிச்சிருக்கா, வாசிக்க முடியாம விட்ட எடத்தையும் படிச்சிருக்கா. எம் பாட்டி எங்க அம்மைக்கு இவ்வளவு குடுத்தாளான்னு எனக்குத் தெரியாது. எங்க அம்மை எனக்கு இவ்வளவு குடுத்தாளான்னும் தெரியாது. நான் எம் மகளுக்கு எங்கிட்ட இருந்த அம்புட்டையும் குடுத்திருக்கேன். ஒண்ணு மிச்சம் வைக்கல. இனிமே எனக்கு எதுக்கு வெக்கம்?"

அவரு குரலு ஒடையல கேட்டியா. கெத்தா நின்னு சொன்னாரு.

டக்.

பெக் தடியத் தட்டிட்டா. "இதுவும் டோனல் மெட்டுதான்"னா. "இன்னிக்கு உயிரோட நிக்கிற டோனலோட மெட்டு." அப்புறம் ஊரு சொல்லுச்சு பாரு, கூரை ஓடு ஆடுற மாதிரி, "டோனல் மெட்டுதான், டோனல் மெட்டுதான்." வெளிய நின்ன குதிரை மிரண்டு ரெண்டு அடி பின்னால போச்சு.

அப்புறம் மூணு பேரும் சேந்து வாசிக்கணும்ல. கோர்மக் பிடிலத் தூக்கிட்டு வந்து தங்கச்சி முன்னால நின்னான். தொண்டையச் செருமுனான். சரின்னு ஒத்துக்குறது அந்த மாதிரி ஆளுங்களுக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா. "நுவாலா, அந்த அஞ்சு எடம் எங்களுக்குத் தெரியாது"ன்னான். "நீ முன்னால உக்காரு. நாங்க உன்னப் பாத்து வாசிக்கோம்."

"வில்லு கம்பில படணும்"னா நுவாலா. பின்ன, சும்மா விடுவாளா.

அவ ஆரம்பிச்சா. அண்ணன் பின்னால வந்தான், அக்கா பின்னால வந்தா. டிட்டில் டை... மூணு பேரும் நின்னாங்க. ஹ்ஹான்னு அப்பா மூச்சு வாங்குனாரு, ஒளிக்காம, நெஞ்ச விரிச்சு. மறுபடி மூணு பேரும் ஒண்ணா எடுத்தாங்க. ஆட எந்திரிச்சவங்க கூட அந்த எடத்துல தூக்குன கால அப்படியே தூக்கி வச்சு நின்னு, அவரு மூச்சு வாங்குனப்புறம்தான் கால எறக்குனாங்க. டக டக டக டக. நுவாலாவுக்கு அன்னைக்குச் சோறு எறங்கல, சந்தோஷத்துல.

தூங்கிட்டியா மக்ளே? இன்னும் கொஞ்சம்தான்.

"...ம்."

அப்புறம் வருஷம் ஓடுச்சு. டோனல் வயசாகி, எல்லாரும் போற எடத்துக்கு அவரும் போய்ச் சேந்தாரு. நுவாலா தன் பிள்ளைகளுக்கு அந்த மெட்டச் சொல்லிக் குடுத்தா. அந்தப் பிள்ளைங்க தங்க பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. இப்ப இருக்கிறது நுவாலாவோட பேத்தி, ஆறு வயசு, முன் பல்லு ரெண்டு கெடையாது. கடலுக் காத்தக் குடிச்சு வளந்த பிள்ளை, மூச்சுக்கு ஒரு கொறையும் இல்ல, மேட்டுல ஒரே ஓட்டமா ஏறுவா. டோனல அவ பாத்தது கெடையாது. ஒரு படம் கூட வீட்டுல இல்ல.

போன திருநாளுக்கு வெளியூர்ல இருந்து பெரிய சங்கீத வாத்தியாரு ஒருத்தரு வந்திருந்தாரு. இந்தக் குட்டி கூடத்துல நின்னு வாசிச்சா. டிட்டில் டை... நின்னா. டிட்டில் டை டம்... நின்னா. அந்த வாத்தியாரு பாவம், நல்ல மனுஷன், பிள்ளை மறந்துட்டு முழிக்கான்னு நெனைச்சு, அவகிட்ட குனிஞ்சு, "அடுத்தது நான் எடுத்துக் குடுக்கட்டுமா"ன்னு கேட்டாரு.

அந்தக் குட்டி வில்லத் தூக்கிப் பிடிச்சபடியே அவரப் பாத்துச் சொன்னா, "கொஞ்சம் பொறுங்க. எங்க டோனல் தாத்தா மூச்சு வாங்கிக்கிறாரு."

அம்புட்டுதான். கதையக் கொண்டு வந்து உன் தலைமாட்டுல எறக்கி வச்சாச்சு. இனி நீயும் மூச்ச நல்லா இழுத்து விட்டு, கண்ண மூடித் தூங்கு மக்ளே.